தொண்ணூற்று மூன்று, எழுபத்தொன்று, பொடிசு

மார்ச் 3, செவ்வாய்

பெரியவனுக்கு 93. இந்த இருட்டறையில் ஆறு வருடமாக நான் போட்ட மதிப்பெண்களிலேயே இதுதான் உச்சம். நம்பிக்கை வராமல் மூன்று முறை திரும்ப அளந்தேன். மூன்று முறையும் 93.

பெரியவன், சின்னவன் என்று நானாக வைத்த பெயர்கள். பெரியவன் லென்ஸோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ. சின்னவன் லென்ஸைக் கழற்றவே முடியாத கைக்கு அடக்கமான கேமரா. அவனுக்கு 71. நிறத்தில் மட்டும் ஒன்பது மார்க் போயிற்று. மனிதத் தோலைக் கண்டால் அவன் ஒரு சிட்டிகை சிவப்பை அள்ளிப் போடுகிறான். எல்லாரையும் ஆரோக்கியமாகக் காட்ட வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வழக்கம்போல் தெருக்காரரோடு சண்டை. எங்கள் பத்திரிகையில் கேமரா ஒப்பீடு என்றால் இரண்டு பாதி. முன்பாதி என் ஆய்வக எண்கள், பின்பாதி அவருடைய அனுபவம். இரண்டு வாரம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்து எழுதுவார். அதனால்தான் தெருக்காரர். என்னை அவர் 'மார்க் மேடம்' என்கிறார். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே.

"பெரியவன எடுத்துட்டுப் போன நாள்ல பாதிப் படம் எடுக்கல மேடம். தோள் வலி. சின்னவன் கையிலயே இருந்தான். எடுக்காத படத்துக்கு உங்க மெஷின் எத்தனை மார்க் போடும்?"

"உங்க தோளுக்கு நான் பொறுப்பில்ல" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனார். எனக்குத்தான் டீ ஆறிப்போயிற்று.

மார்ச் 5, வியாழன்

மதியம் தங்கச்சி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள், சாப்பாட்டுடன். ஆறரை மாதம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை என் கேமரா முக்காலிப் பெட்டிமேல் போட்டுக்கொண்டாள். கணுக்கால் எங்கே என்றே தெரியவில்லை, அப்படி வீக்கம்.

இரண்டு கேமராவையும் பார்த்தாள். "இதுல எது என்னை ஒல்லியா காட்டும்?"

"ரெண்டும் உள்ளதத்தான் காட்டும்."

"அப்ப ரெண்டும் வேணாம்."

மாப்பிள்ளை கப்பலில் என்ஜின் அறையில் இருக்கிறார். மே மாதம்தான் இறங்க முடியும். பிரசவம் மே கடைசியில் என்பதால் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. போகும்போது, "தலை லேசா வலிக்குது, வெயில்தான்" என்றாள். டாக்டரிடம் போகச் சொன்னேன். திங்கட்கிழமை போகிறேன் என்றாள். கையோடு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

பரிசோதனைக்குப் போனவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாள். நாளைக்குப் பொறுக்காது போல என்று டாக்டரம்மா சொன்னார். "ரெண்டு பேரையும் காப்பாத்தணும்னா குழந்தைய இப்பவே எடுத்தாகணும்."

இருபத்தொன்பது வாரம். என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். எதற்கென்று படிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பெண். ஆயிரத்து எண்பது கிராம். அழுதாளாம். நான் கேட்கவில்லை, சொன்னார்கள்.

மார்ச் 11, புதன்

தங்கச்சி மூன்றாம் மாடியில். குழந்தை முதல் மாடியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில், மூன்றாம் எண் கண்ணாடிப் பெட்டிக்குள். நடுவில் நான், மாடிப்படி.

அழுத்தம் இறங்காததால் தங்கச்சி கட்டிலை விட்டு எழக்கூடாது. போதாததற்குக் காய்ச்சலும் இருமலும் வேறு பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இருக்கிற யாரையும் அந்த வார்டு வாசற்படியில்கூட நிற்க விடமாட்டார்கள், பெற்றவளே ஆனாலும். ஆக, பெற்றவள் இன்னும் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். இது என்ன நியாயம்?

மேலே போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருக்கா? சொல்லு."

என்ன சொல்வேன்? தோல் காகிதம் மாதிரி. மூக்கில் குழாய். மார்பு பறவைக்குஞ்சுக்கு அடித்துக்கொள்வது போல அடித்துக்கொள்கிறது. "நல்லா இருக்கா" என்றேன்.

"காது இருக்கா?"

"இருக்குடி."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேலையில் நான் ஒரு வாக்கியம் எழுதினால் அதில் நாலு எண் இருக்கும். இன்றைக்கு என்னிடம் இருந்தது 'நல்லா இருக்கா' ஒன்றுதான்.

வார்டுக்குள் போன் கூடாது. கிருமி, சத்தம் என்று இரண்டு காரணம். பொறுப்பில் இருக்கும் நர்ஸிடம், கேமரா கொண்டு வரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். உயரமான, அதிகம் சிரிக்காத அம்மா. "துடைச்சு எடுத்துட்டு வாங்க. பிளாஷ் அடிச்சீங்க, மறுபடி உள்ள விடமாட்டேன்."

மார்ச் 12, வியாழன்

பெரியவனைத்தான் எடுத்துப் போனேன். வேறு எதை? என் தங்கச்சி குழந்தைக்கு 93-க்குக் குறைந்ததைக் கொண்டு போவேனா?

வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு மறந்துவிட்டு நானே அதற்குச் சப்பைக்கட்டுக் கட்டக்கூடாது.

ஒன்றரைக் கிலோவை இரண்டு கையாலும் பிடித்தும் நடுங்கியது. முக்காலி வைக்க இடமில்லை. கிட்டே நின்றால் லென்ஸ் தெளிவாகப் பிடிக்காது, பின்னால் போனால் பக்கத்துக் குழந்தையின் பெட்டி இடிக்கிறது. பெட்டியின் சுவரில் என் முகம்தான் தெரிகிறது. கேமரா குழந்தையை விட்டுவிட்டு என் பிம்பத்தின்மேல் குவிகிறது. எப்படியோ ஒன்று எடுத்தேன். 'டக்'.

அந்தச் சத்தத்தை ஆறு வருடமாகக் கேட்கிறேன். ஒரு தடவைகூட அது சத்தம் என்று தோன்றியதில்லை. குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போட்டாள். திரையில் இதயத் துடிப்பு 148-லிருந்து 181-க்கு ஏறியது. நர்ஸ் ஓடி வந்தார். "என்ன மேடம், கதவ அறைஞ்சு சாத்தற மாதிரி!"

சத்தமில்லாத முறைக்கு மாற்றினேன். படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டைகள். வார்டு விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது, அந்தத் துடிப்புதான் பட்டையாக விழுகிறது. என் இருட்டறையில் இருப்பவை துடிக்காத விளக்குகள். நானே பார்த்துப் பார்த்துப் பொருத்தியவை.

கடைசியில் முதலில் எடுத்த அந்த ஒரு படத்தோடு மேலே போனேன். மஞ்சள் காமாலைக்காகப் பெட்டிக்கு மேலே நீல விளக்கு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் எனக்கு அது நீலமாகவே படவில்லை. தங்கச்சி பார்த்த மாத்திரத்தில் —

"நீலமா இருக்காளே! அக்கா, மூச்சு வரலையா? ஏன் யாரும் சொல்லல?"

விளக்கு என்று விளக்கினேன். விளக்க விளக்க அழுதாள். அழுத்தம் ஏறியது. என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

93.

மார்ச் 13, வெள்ளி

தெருக்காரரைக் கூப்பிட்டேன். ஆறு வருடத்தில் வேலை தவிர வேறெதற்கும் அவரைக் கூப்பிட்டதில்லை. கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. குழந்தை எத்தனை கிராம் என்றுதான் முதலில் கேட்டார்.

"சின்னவன எடுத்துட்டுப் போங்க. அவனுக்குத் திறந்து மூடற ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கு, கண் சிமிட்டற சத்தம்கூட வராது. பட்டையும் விழாது. கிட்டக் கொண்டு போனாலும் பிடிப்பான். லென்ஸ்மேல ஒரு ரப்பர் வளையம் மாட்டிக்குங்க, பெட்டிச் சுவரோட மெல்ல ஒட்டி வைங்க. உங்க மூஞ்சி தெரியாது."

"சரி."

"நீல விளக்க அணைச்சுட்டு ஏதாவது செய்யற நேரம் உண்டான்னு நர்ஸக் கேளுங்க. மூச்ச வெளிய விட்டுட்டு அழுத்துங்க. அப்புறம் மேடம் —"

"என்ன?"

"சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டிருக்கவில்லை.

மார்ச் 14, சனி

பதினொரு மணிக்குப் பால் கொடுப்பார்கள். குழாய் வழியாக, ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. அப்போது நீல விளக்கை அணைத்து, கண்கட்டை எடுக்கிறார்கள். ஐந்து நிமிஷம். நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

சின்னவனைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். மூச்சை விட்டேன். அழுத்தினேன். எடுத்தானா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. திரையில் துடிப்பு 146, 147, 146. குழந்தைக்குத் தெரியவே தெரியாது.

பதினாலு படம். ஒன்றில் கண்ணைத் திறந்திருக்கிறாள். நேராகப் பார்க்கிறாள். என்னையா, வெளிச்சத்தையா?

தங்கச்சி கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு திரையில் முத்தம் கொடுத்தாள், எச்சில் படும்படி. "எவ்ளோ சிவப்பா இருக்கா பாரேன்! பொடிசு. ஏ பொடிசு!"

அப்படித்தான் பெயர் வந்தது.

சிவப்பு சின்னவன் போட்டது. எனக்குத் தெரியும். பொடிசு அவ்வளவு சிவப்பில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்? ஐந்து நாளில் முதல் தடவையாகக் கஞ்சி முழுவதும் குடித்தாள்.

மார்ச் 16, திங்கள்

அரை நாள் ஆய்வகம், அரை நாள் மாடிப்படி. தினமும் பதினொன்றுக்குப் படம், பன்னிரண்டுக்கு மூன்றாம் மாடி. தங்கச்சி இப்போது ஒவ்வொரு படமாகக் கேள்வி கேட்கிறாள். "இந்தக் கை ஏன் மடங்கியிருக்கு? இந்த டேப் வலிக்காதா? முடி யார் மாதிரி?"

மாப்பிள்ளைக்கும் அனுப்புகிறேன். நடுக்கடலில் தொடர்பு சரியில்லை. பெரிய படம் போகாது. தபால்தலை அளவுக்குச் சுருக்கி அனுப்பினால்தான் போகிறது. பதில் வந்தது: "அக்கா, வந்துடுச்சு. ஒண்ணும் சரியா தெரியல. ஆனா பாத்துட்டே இருக்கேன்."

மார்ச் 17, செவ்வாய்

நீல விளக்கை எடுத்துவிட்டார்கள். இன்றைய படம் இதுவரை எடுத்ததிலேயே அழகு. கன்னம் ரோஜா.

நேரில் கன்னம் ரோஜா இல்லை. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா? நர்ஸிடம் கேட்டேன். "கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கா, பாத்துட்டிருக்கோம்" என்றார்.

மேலே போய்ச் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்கு டாக்டரம்மா மூன்றாம் மாடிக்கே வந்தார். பொடிசுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், மதியத்துக்குள். இத்தனை சின்னக் குழந்தைக்கு உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம், அதில் சோதனைக்கென்று எடுத்து எடுத்துக் குறைந்திருக்கிறது, புதிது ஊற இன்னும் நாளாகும், இது அடிக்கடி செய்வதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். தாயின் கையெழுத்து வேண்டும்.

தங்கச்சி சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். "வேற குழந்தையோட மாத்திட்டீங்களா டாக்டர்? என் பொண்ணு நல்லா சிவப்பா இருக்கா. நேத்துக்கூட பாத்தேனே. அக்கா, காட்டு."

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை — தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போலிருந்தது.

நான் சொன்னேன். கேமரா சிவப்பைக் கூட்டுகிறது என்று. முதல் நாளிலிருந்தே தெரியும் என்று.

"முதல் நாள்லேந்தா?"

"ஆமா."

"ஆறு நாளா பொய்யக் காட்டினியா? நான் கட்டில்ல கெடக்கேன், எனக்கு இருக்கறது உன் கண்ணு ஒண்ணுதான். அந்தக் கண்ணே பொய் சொன்னா நான் யார நம்பறது?"

"நீ அழுதியேடி. முதல் படத்தப் பாத்துட்டு அப்படி அழுதியே —"

"அழுதா அழறேன்! என் புள்ளைக்காக நான் அழக்கூடாதா? ஊருக்கெல்லாம் கரெக்டா மார்க் போடறே. எனக்கு மட்டும் ஏன் தூக்கிப் போட்டே?"

சரியான கேள்வி. ஒன்பது மார்க் குறைத்த கை இதே கைதான்.

கையெழுத்துப் போடச் சொன்னார் டாக்டரம்மா. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "போய் உள்ளத எடுத்துட்டு வா. எப்படி இருக்காளோ அப்படி. பாத்துட்டுப் போடறேன்." டாக்டரம்மா மணியைப் பார்த்து, "அரை மணி நேரம்" என்றார்.

படியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. பையில் எப்போதும் என் ஆய்வக அட்டை ஒன்று கிடக்கும், சாம்பல் நிறம், எந்தப் பக்கமும் சாயாத சாம்பல். அதை நர்ஸிடம் கொடுத்து, பெட்டியின் மேல் பிடிக்கச் சொன்னேன். எதற்கு என்றார். "இந்த விளக்குல எது நிஜ நிறம்னு கேமராவுக்குச் சொல்லணும்." அவர் கேள்வியே கேட்காமல் பிடித்தார். சின்னவனின் அழகுபடுத்தும் வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தேன். அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று எனக்குத்தானே தெரியும், இரண்டு வாரம் அவற்றோடுதான் மல்லுக்கட்டினேன். திரையின் பளபளப்பையும் குறைத்தேன். ஒரே ஒரு படம் எடுத்து, திரைக்கு மேலே தலையைத் தூக்கிக் குழந்தையைப் பார்த்தேன். மறுபடி திரை. மறுபடி குழந்தை. நர்ஸையும் பார்க்கச் சொன்னேன்.

"இப்ப சரி" என்றார்.

தங்கச்சி நெடுநேரம் பார்த்தாள். மெழுகு மாதிரி கன்னம். உதட்டோரம் வெளுப்பு. கண்ணுக்குக் கீழே நரம்பு ஓடுவது தெரிகிறது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அழவில்லை. "ஐயோ, களைச்சுப் போய் இருக்காளே" என்றாள் மெல்ல, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளையைச் சொல்வது போல. கையெழுத்துப் போட்டாள். பேனாவை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "இவதான். இத்தன நாள் பாத்தது பொம்மை" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

அதே அட்டை, அதே விளக்கு, அதே மணி. நேற்றைய படத்தையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உதட்டில் நிறம் வந்திருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் அது பொடிசு தன் உடம்பிலிருந்து கொண்டு வந்தது.

தங்கச்சி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கஞ்சியில் பாதியை என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. எலும்பும் தோலுமா ஆயிட்டே. இதுக்கு எந்தக் கேமராவும் வேணாம்."

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. அழுத்தமும் இறங்கிவிட்டது. டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். சக்கர நாற்காலியில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். மின்தூக்கிக்குள் தலையை வாரிக்கொண்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் போவது போல.

உள்ளே ஒருவர்தான் போகலாம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். நர்ஸ் நாற்காலியை மூன்றாம் பெட்டிக்கு அருகில் நிறுத்தினார். தங்கச்சி குனிந்தாள். அப்புறம் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். வாய் அசைவதிலிருந்தே புரிந்தது.

"இவ்ளோதானா?"

எண்பத்தாறு படம் காட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் படம் நிறைய, விளிம்போடு விளிம்பாக, முகம் தெளிவாக விழ வேண்டுமே என்று கிட்டப் போய் எடுத்தது. நிறத்துக்காக அவ்வளவு சண்டை போட்டோமே, அளவு ஒரு படத்திலும் இல்லை. அவள் மனசில் இருந்தது ஒரு முழுக் குழந்தை. இங்கே கிடப்பது ஒரு உள்ளங்கையும் கொஞ்சமும்.

கையைக் கழுவிவிட்டு, பெட்டிச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே விட்டாள். சுண்டுவிரலை வைத்தாள். பொடிசு பிடித்துக்கொண்டாள், முழுக் கையும் நகத்தளவுக்குத்தான் வந்தது. தங்கச்சியின் தோள் குலுங்கியது. நர்ஸ், சிரிக்காத அந்த அம்மா, அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வெளியே வந்தபின் கேட்டாள்: "நீ தினம் இதைப் பாத்துட்டா மேல வந்து 'நல்லா இருக்கா'ன்னு சொன்னே?"

"ஆமா."

"எப்படிடீ தாங்கினே?"

இத்தனை நாளில் என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. மின்தூக்கி வரும்வரை இரண்டு பேரும் அழுதோம். வந்தது, போனது, மறுபடி வந்தது.

மார்ச் 26, வியாழன்

நாளைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் நானும் தெருக்காரரும். நடந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஆசிரியர் கேட்டார்: "அப்ப சின்னவனுக்கு மார்க்க ஏத்திடலாமா? எண்பது போடுவோமா?"

"வேண்டாம். 71 சரிதான்."

தெருக்காரர் நிமிர்ந்தார். "நீங்க மாத்துவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"அவன் தோல் நிறத்துல பொய் சொல்றான். அந்தப் பொய்யால என் தங்கச்சி ஏமாந்தா. அதுல ஒரு மார்க்கூட ஏத்தமாட்டேன். பெரியவனுக்கு 93-உம் சரிதான். முக்காலிமேல, துடிக்காத விளக்குல, அசையாத அட்டைக்கு முன்னால அவன் 93. அவன எங்க வெச்சு அளந்தேன்னு நான் இதுவரைக்கும் எழுதினதே இல்ல. அத எழுதணும்."

தெருக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "நானும் ஒண்ணு சொல்லணும். சின்னவன் நிறம் அழகா இருக்குன்னு எழுதி வெச்சிருக்கேன். உண்மையான்னு ஒரு நாளும் பாக்கல. அழகா இருந்துச்சு, அவ்ளோதான். அந்த அட்டைய எனக்கும் ஒண்ணு கொடுங்க."

மாலை ஐந்து மணிவரை ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். இரண்டு பாதியாகப் பிரிக்கவில்லை. 'சத்தம்' என்று ஒரு தலைப்பு, 'கனம்' என்று ஒன்று, 'கிட்டப் போனால்' என்று ஒன்று. கடைசிப் பத்தியை யார் எழுதினோம் என்று இப்போது எனக்கே நினைவில்லை. எண் இரண்டும் சிவப்பு வட்டத்துக்குள் அப்படியே இருக்கின்றன.

ஏப்ரல் 2, வியாழன்

1,310 கிராம். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கு இருக்கிறது. எங்கள் வீட்டு மூக்குதான், பாவம்.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டு கேமராவையும் திருப்பி அனுப்பும் நாள். பெரியவனை ஐந்து நிமிஷத்தில் கட்டிவிட்டேன். சின்னவனைத் துடைக்க முக்கால் மணி. திரையின் ஓரத்தில் தங்கச்சியின் உதட்டுத் தடம் ஒன்று லேசாக. ஸ்பிரிட் போட்டதும் போய்விட்டது. போகத்தான் வேண்டும்.

தெருக்காரர் வாசகர் கடிதங்களைக் கொண்டு வந்து கொடுத்தார். பாதிப் பேர் பாராட்டு. ஒருவர், 'எது வாங்கணும்னு ஒரே வரியில் சொல்லத் தெரியாதா?' என்று திட்டு. அதைப் படித்துத்தான் இரண்டு பேரும் அதிகம் சிரித்தோம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தங்கச்சி நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம். பொடிசு அங்கேயே தூங்குகிறாள். இப்போதெல்லாம் நான் தேவையில்லை. வெளியே உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படித் தேவையில்லாமல் போவது நன்றாகத்தான் இருக்கிறது.

மே 4, திங்கள்

இரண்டு கிலோ நூற்று ஐம்பது. வீட்டுக்கு.

நர்ஸ் வாசல்வரை வந்தார். பொடிசின் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கத் தெரியும் போல.

மே 10, ஞாயிறு

அந்த எண்பத்தாறு படங்களில் மார்ச் 20-இல் எடுத்ததைத் தேர்ந்து, பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு எடுத்துப் போனேன். அச்சுக்கூடத்தில் மூன்று தடவை நிறம் சரிபார்த்தேன். தங்கச்சி தொட்டில் இருக்கிற அறையில், நேர் எதிர்ச் சுவரில் மாட்டினாள். "பிரமாதம்" என்றாள். பிரமாதம்தான்.

மே 17, ஞாயிறு

மாப்பிள்ளை வந்துவிட்டார். கப்பலிலிருந்து இறங்கி, இரண்டு விமானம் மாறி, காலை ஒன்பதரைக்கு வாசலில் பையோடு நின்றார். உள்ளே வரவே தயங்கினார். "கை கழுவணுமா அக்கா? எத்தன நிமிஷம்?" முழங்கைவரை கழுவினார். மறுபடி கழுவினார்.

பொடிசை மடியில் வைத்தபோது அவர் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்தது. கப்பல் அலுவலகத்துப் பிரிண்டரில் போட்டது, கறுப்பு வெள்ளை. நான் தபால்தலை அளவுக்குச் சுருக்கி அனுப்பியதைப் பக்கம் முழுக்க ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார். கட்டம் கட்டமாக உடைந்து, நடுவில் மை தீர்ந்து வெள்ளைக் கோடு. மடிப்பில் மசகெண்ணெய்க் கறை. நாலு மூலையிலும் பழுப்பேறிய டேப். முகம் எது, துணி எது என்று சொல்லத் தெரிந்தால்தான் தெரியும்.

"படுக்கைக்கு மேல ஒட்டி வெச்சிருந்தேன்" என்றார். "ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா நேரா தெரியும். இது மூக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்." விரலை வைத்துக் காட்டினார்.

"அது கைங்க" என்றாள் தங்கச்சி.

"கையா?" என்றார். படத்தைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். "சரி. கை."

தங்கச்சி அந்தக் காகிதத்தை வாங்கிப் பிரித்து, முழங்கால்மேல் வைத்து நீவினாள். எழுந்து போய், என் படத்தைச் சுவரிலிருந்து மெதுவாகக் கழற்றி அலமாரிமேல் வைத்தாள். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, கொஞ்சம் டேப் எடுத்துட்டு வாயேன்."

எடுத்துக்கொண்டு போனேன். நாலு துண்டு கிழித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.